பூஜ்யம் காட்டிய காலைகள்

ஜனவரி 12

வாண்டு அம்மாவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? வாண்டுவுக்கு இருமல் நின்றதா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை, நான்காவது நிமிடம் இரண்டு பேரில் ஒருவர் வைத்துவிடுகிறோம். இனி அவசரத்துக்கு மட்டும்தான் போன், மற்றதெல்லாம் காகிதத்தில் என்று நீ சட்டம் போட்டாய். முதல் ஆளாக நான் மதிக்கிறேன், பார். காகிதத்தில் கத்த முடியாது என்றாய். உண்மைதான். ஆனால் காகிதத்தில் நீ சிரிப்பதும் கேட்காதே. அதை யோசித்தாயா?

வேலை உறுதியாகிவிட்டது. ஃபேக்டரிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ். பேக்கிங் பிரிவுப் பெண்கள்தான் அதிகம். ஏறி உட்கார்ந்த நிமிடமே தூங்கிவிடுகிறார்கள். நாற்பது தலைகள் ஜன்னலில் சாய்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன்.

தினமும் வண்டி எடுக்கும் முன் கேட்டில் ஒரு மெஷினில் ஊத வேண்டும். குடித்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பூஜ்யம் காட்டினால்தான் சாவி கைக்கு வரும். அது போக முதல் ஆறு மாதத்துக்குள் ஏதோ ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல், டப்பாவைக் கொடுத்து மூத்திரம் கேட்பார்கள். அதில் எல்லா போதையும் பார்ப்பார்களாம். இரண்டிலும் தேறினால் ஜூலையில் குடும்ப குவார்ட்டர்ஸ். அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்தது.

மூன்றாவது வரிசையில் கடைசி வீடு காலியாக இருக்கிறது. பஸ்ஸை வளைக்கும்போது தினமும் நான்கு முறை அதைக் கடக்கிறேன். ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் இடம். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. உன்னோடுதான் போவேன்.

பழைய பழக்கமெல்லாம் விட்டாச்சா என்று கேட்பாய். கேட்காதே. பஸ் ஓட்டுகிறவன் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
வாண்டு அப்பா

*

ஜனவரி 26

வாண்டு அப்பாவுக்கு,

இங்கே இரண்டு பேரும் சுகம். இருமல் போய்விட்டது, இப்போது பல் ஆடுகிறது. அப்பா வந்துதான் பிடுங்க வேண்டுமாம். ஜூலை வரை அது தாங்காது என்று சொன்னால் அழுகிறாள்.

'கேட்காதே' என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். சரி, கேட்கவில்லை.

லேபில் என்னை சாம்பிள் வாங்கும் கவுன்ட்டரிலேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள். நாள் முழுக்க ரத்தம், சளி, மூத்திரம். டப்பாவில் பெயர் ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். மனிதர்கள் ரத்தத்தைப் பெருமையாகக் கொடுக்கிறார்கள், மூத்திர டப்பாவை மட்டும் திருட்டுப் பொருள் மாதிரி பைக்குள் இருந்து எடுக்கிறார்கள். நேற்று ஒருவர் டப்பாவுக்குக் கலர் காகிதம் சுற்றி ரிப்பன் கட்டிக் கொண்டு வந்தார். "யாருக்கு சார் பிறந்தநாள்?" என்று கேட்டுவிட்டேன். லேப் மேடம் உள்ளேயிருந்து, "ஏம்மா, வர்ற கஸ்டமரைத் துரத்திருவ போல"ன்னு கத்தினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் கத்தினார்.

வீட்டைப் பற்றி இப்படி எழுதினால் எப்படி? சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம்? குழாய் உள்ளேயா வெளியேயா? பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? இதையெல்லாம் பார்க்காமல் தினமும் நான்கு முறை கடந்து என்ன பயன்?

கல்யாணமாகி எட்டு வருடம். ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களை எண்ணினால் மூன்று வருடம்கூட வராது. முதலில் லாரி, அப்புறம் டேங்கர், இப்போது பஸ். நீங்கள் கட்டிக்கொண்டது என்னையா ஸ்டீயரிங்கையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஜன்னல் விவரத்தோடு எழுதவும். வேளைக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
காத்திருப்பவள்

*

பிப்ரவரி 17

வாண்டு அம்மாவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல். பதில் தாமதமானதற்குத் திட்டாதே, காரணம் இருக்கிறது.

ஜன்னல் கிழக்குப் பார்த்தது. குழாய் உள்ளே. பள்ளிக்கூடம் வாண்டு காலுக்கு ஐந்து நிமிடம், வழியில் ரோடு கடக்க வேண்டியதில்லை. போதுமா?

இங்கே வேலையை இரண்டாக உடைத்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்தவர்களை விட்டுவிட்டு வந்தால் நான்கரை மணி நேரம் இடைவெளி. மறுபடி காலை ஷிப்டுக்கு வண்டி எடுக்க வேண்டும். அந்த நான்கரை மணி நேரத்தைக் கம்பெனிக் காகிதத்தில் 'ஓய்வு' என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவன் ஏசி அறையில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து எழுதியிருப்பான். எங்களுக்குப் படுத்தால் இன்ஜின் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கம் வரும்போது சாவி வாங்கும் நேரம் வந்துவிடும்.

அறையில் நாங்கள் நான்கு பேர். மூத்தவரை எல்லோரும் பூஜ்யம் அண்ணன் என்கிறார்கள். ஒன்பது வருடமாக ஒருநாள்கூட மெஷின் அவருக்குப் பூஜ்யத்தைத் தாண்டிக் காட்டியதில்லை. கேட்டில் ஊதிவிட்டு வாட்ச்மேனைப் பார்த்து, "என்ன மாப்ளே, நான் இன்னும் பொறக்கவே இல்லன்னு காட்டுதா?" என்பார்.

இங்கே எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். பெயர் வேண்டாம். அவன் ஒரு சந்தேகம் கேட்டான். நீ லேபில் இருப்பதால் கேட்கச் சொன்னான். தூக்கம் வர வேண்டுமென்றால் முழுசாகக் குடிக்க வேண்டும். குடித்தால் காலையில் மெஷின் பிடித்துக்கொள்ளும். அதனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. 'பாதி-பாதி' என்பார்கள். குடிப்பதில் பாதியைக் குறைத்துவிட்டு, மீதிப் பாதிக்குப் புகை. இலைப் புகை, புரிகிறதா? பாதிக் குடி நான்கு மணி நேரத்தில் கரைந்துவிடும், புகையைக் கண்டுபிடிக்கக் கேட்டில் மெஷின் கிடையாது. இரண்டும் பாதிதானே, கூட்டினால் ஒரு ஆள் போதை, அதுவும் காலைக்குள் இறங்கிவிடும் என்பது கணக்கு. பாதி-பாதியைக் கண்டுபிடித்தவர் பூஜ்யம் அண்ணன்தான் என்கிறார்கள்.

புகை டப்பாவில் எத்தனை நாள் தெரியும்? நண்பன் பயப்படுகிறான். விசாரித்து எழுது.

வாண்டுவின் பல்லைப் பிடுங்காதே. தானாக விழட்டும்.

உன்,
வாண்டு அப்பா

*

மார்ச் 2

வாண்டு அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். பல் விழுந்துவிட்டது. தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள், உங்களுக்குக் காட்ட.

உங்கள் நண்பரின் சந்தேகத்தை மேடத்திடம் கேட்டேன். "யாருக்கும்மா?" என்றார். "தூரத்துச் சொந்தம் மேடம்" என்றேன். "எவ்வளவு தூரம்?" என்றார். அறுநூறு கிலோமீட்டர் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் பெயர் சொல்லக் கூச்சப்படுகிறீர்கள், நான் சொல்கிறேன்: கஞ்சா. குடி சில மணி நேரத்தில் மூச்சிலிருந்து போய்விடும். கஞ்சா அப்படிப் போகாது, கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். எப்போதோ ஒருமுறை இழுத்தவனுக்குச் சில நாள். தினமும் இழுக்கிறவனுக்கு வாரக்கணக்கில், சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் மூத்திரத்தில் தெரியும். ஆனால் அந்த டெஸ்ட் சொல்வது, இந்த ஆள் எப்போதோ இழுத்திருக்கிறான் என்பதை மட்டும்தான். வண்டி ஓட்டும்போது போதையில் இருந்தானா என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் சொன்னார். குடித்துவிட்டு இழுத்தால், தனியாக இழுப்பதைவிட அதிகமாகக் கஞ்சா ரத்தத்தில் ஏறுமாம். ஒன்று மனிதனை மெதுவாக்கும், இன்னொன்று அவனுக்கு நேரமும் தூரமும் தெரியாமல் செய்யும், இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். "பாதியும் பாதியும் சேர்ந்தா ஒண்ணுன்னு எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார் உன் சொந்தக்காரனுக்கு? ஒண்ணரை, ரெண்டு, என்ன வேணா ஆகும். காலையில மெஷின் பூஜ்யம் காட்டும். மெஷினுக்குப் பூஜ்யம், அவனுக்கு இல்ல."

உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் நண்பருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? குழந்தை உண்டா? ஆடுகிற பல்லோடு யாராவது அவருக்காகக் காத்திருந்தார்களா?

கிழக்குப் பார்த்த ஜன்னல் என்றால் காலையில் அடுப்படியில் வெயில் விழும். இங்கே நான் சமைக்கும் இடத்தில் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது, உங்களுக்கே தெரியும். வாண்டு ஒரு வீடு வரைந்திருக்கிறாள். வீட்டைவிட ஜன்னல் பெரிதாக இருக்கிறது. கூட வைத்திருக்கிறேன்.

உடனே பதில் எழுதவும்.

காத்திருப்பவள்

*

ஏப்ரல் 19

வாண்டு அம்மாவுக்கு,

ஏழு வாரம் எழுதவில்லை. உன் இரண்டு போனையும் எடுக்கவில்லை. மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வாண்டு வரைந்த படத்தைப் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

என் நண்பன் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும்.

பத்து நாளுக்கு முன்னால் காலை ஷிப்டுக்கு வண்டி எடுத்திருக்கிறான். கேட்டில் ஊதினான். பூஜ்யம். சாவியை வாங்கினான், ஊருக்குள் போய் ஆட்களை ஏற்றினான். நாற்பது பேரும் வழக்கம்போலத் தூங்கிவிட்டார்கள். அவன் தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது, கை ஸ்டீயரிங்கில்தான் இருந்தது. ரோட்டில் இருந்த வெள்ளைக் கோடு ரொம்ப அழகாக இருந்ததாம். அதையே பார்த்துக்கொண்டு போனானாம்.

முன் சீட்டில் ஒரு அம்மா. பேக்கிங்கில் பதினைந்து வருடம். அவர் கண் விழித்து வெளியே பார்த்துவிட்டு, சத்தம் போடாமல், பக்கத்தில் வந்து நின்று, "என்ன தம்பி, வழி மாத்திட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

ஃபேக்டரி வளைவைத் தாண்டிப் பதினொரு கிலோமீட்டர் போயிருந்தான். இரண்டு நிமிடம் ஓட்டினதாக நினைப்பு. நடுவில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. அது திறந்திருந்ததா, தாண்டினானா, ஒன்றும் நினைவில் இல்லை.

"ஆமாக்கா, அங்க ரோடு வேலை நடக்குது"ன்னு சொல்லி வண்டியைத் திருப்பினான். அந்த அம்மா நம்பினாரா தெரியாது. பின்னால் போய் உட்காரவில்லை. வாசல் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார்.

நாற்பது பேருக்கும் அரை மணி நேரம் தாமதம் என்று சம்பளத்தில் பிடித்தார்கள். ஃபேக்டரியில் யாரும் இவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டில் அவன் பெயருக்கு நேரே பூஜ்யம் என்று எழுதியிருக்கிறதே.

மேடம் சொன்னது சரிதான் என்று மேடத்திடம் சொல்.

வாண்டுவை விசாரித்ததாகச் சொல்.

வாண்டு அப்பா

*

ஏப்ரல் 27

உங்களுக்கு,

நாங்கள் இருக்கிறோம். சுகமா என்று கேட்காதீர்கள்.

உங்கள் நண்பரைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம். அவர் மேல் எனக்கு அக்கறை இல்லை. நான் அந்த ஆளுக்குக் கழுத்தை நீட்டவில்லை. அவர் பஸ்ஸில் தூங்குகிற நாற்பது பேரும் என்னை மாதிரித்தான் விடியும் முன் எழுந்து பிள்ளைக்குச் சமைத்து வைத்துவிட்டு வந்திருப்பார்கள். அவர்களுக்கு வீடு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது.

எழுதுவதானால் நீங்கள் எழுதுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

வாண்டு அம்மா

*

மே 6

வாண்டு அம்மாவுக்கு,

நான்தான்.

பதினொரு கிலோமீட்டர் போனது நான். பாதி-பாதி பழகியது நான். நீ முதலிலேயே கண்டுபிடித்துவிட்டாய், எனக்கும் தெரியும் உனக்குத் தெரியும் என்று. இருந்தாலும் அந்த நண்பன் பயல் நடுவில் நின்றதால் உன்னோடு பேச முடிந்தது. அவனும் போய்விட்டால் நீயும் போனை வைப்பது மாதிரி வைத்துவிடுவாயோ என்று பயம்.

அந்த அம்மா பக்கத்தில் நின்ற காலையோடு விட்டுவிட்டேன். குடி, புகை, இரண்டும். இன்றைக்கு இருபத்தேழு நாள். தூங்குவதே இல்லை. மூன்று நாள் கை நடுங்கியது, காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். பூஜ்யம் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "என்னடா சாமியாராப் போறியா? உன் பொண்டாட்டி காகிதத்துலயே இருக்காளே, அது போதாதா?" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இப்போது வண்டி ஓட்டும்போது கை கால் எல்லாம் என்னுடையதாக இருக்கிறது. வளைவு வருவதற்கு முன்பே தெரிகிறது. அந்த அம்மா இன்னும் முன் சீட்டில்தான் உட்காருகிறார். தூங்குவதில்லை. என்னால் ஒருத்தரின் தூக்கம் போனது.

போன வெள்ளிக்கிழமை திடீரென்று டப்பாவைக் கொடுத்தார்கள். கொடுத்திருக்கிறேன். இருபத்துமூன்றாவது நாளில். போதுமா என்று மேடத்திடம் கேட்காதே. எப்படியும் தெரிந்துவிடும்.

உனக்கு என் மேல் கோபம் இருக்கும்வரைக்கும் நல்லது. அது போய்விட்டால்தான் கவலை. எழுது.

உன்,
வாண்டு அப்பா

*

மே 20

வாண்டு அம்மாவுக்கு,

நீ இன்னும் பதில் எழுதவில்லை. நான் காத்திருந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். வாண்டு நலமா? அதை மட்டுமாவது யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்.

டெஸ்டில் பிடிபட்டுவிட்டேன். கஞ்சா இருக்கிறதாம்.

சிரிப்பாக இருக்கிறது. வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டிய காலையில் நான் பூஜ்யம். மூன்று வாரம் தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல் ஒழுங்காக ஓட்டும்போது நான் குற்றவாளி. சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது டிப்போவில் பஸ் கழுவுகிறேன்.

என் ரூட்டைப் பூஜ்யம் அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு நிரந்தர வேலை, டப்பாவெல்லாம் முதல் ஆறு மாதத்துக்காரனுக்குத்தான்.

அடுத்த மாதம் நான்காம் தேதி விசாரணை. விசாரிக்கிற ஆபீசர் நல்ல மனிதர் மாதிரிதான் பேசுகிறார். அவரே ஒரு காகிதம் தயார் செய்து காட்டினார். "இங்க பாருப்பா, லீவுல ஒரே ஒரு தடவை, விளையாட்டுக்கு இழுத்தேன், வேலை நேரத்துல எந்நாளும் முழு நினைவோடதான் ஓட்டினேன்னு எழுதியிருக்கு. உன் மெஷின் ரெக்கார்டு எல்லாம் பூஜ்யம். கையெழுத்துப் போட்டா ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிரும். சாவி கைக்கு வரும். குவார்ட்டர்ஸ் மட்டும் மூணு மாசம் தள்ளும்." அக்டோபரில் வீடு.

போடாவிட்டால் என்ன என்று கேட்டேன். "போடாம என்ன பண்ணுவ?" என்று அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

அந்தக் காகிதத்தில் போட்டால் மெஷின் பூஜ்யம் காட்டினால் எல்லாம் சரி என்று நானும் சாட்சி சொன்ன மாதிரி. போடாவிட்டால் வீடு இல்லை. நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன்,
வாண்டு அப்பா

*

மே 30

என்னங்க,

பதில் எழுதாதது கோபத்தில் இல்லை. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். வாண்டுவுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. நான் நன்றாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

ஏழு வாரம் நீங்கள் எழுதாமல் இருந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? கவுன்ட்டரில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பெயர் ஒட்டும்போது, இதில் சுத்தமான ஒன்றை எடுத்து உங்களுக்கு எப்படி அனுப்பலாம் என்று யோசித்தேன். சூடு குறையாமல் அறுநூறு கிலோமீட்டர் எப்படிக் கொண்டு வரலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன். மேடம் ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவள்தான்.

எனக்கு அந்த வீடு வேண்டும். வெயில் விழுகிற அடுப்படி வேண்டும். நீங்கள் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட, நான் அதை எடுத்துத் திட்டிக்கொண்டே மாட்ட வேண்டும். எட்டு வருடமாக உங்களை நான் திட்டியதெல்லாம் போனில்தான். நேரில் திட்ட வேண்டும். திட்டிவிட்டு பக்கத்திலேயே படுக்க வேண்டும். உங்கள் முதுகில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம் உண்டே, அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று போன வாரம் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு வேலைக்கே போகவில்லை.

நீங்கள் விட்டுவிட்டீர்கள். நான் நம்புகிறேன். அது போதாதா? மற்றவர்கள் எப்படி ஓட்டினால் நமக்கென்ன? ஊரில் உள்ள எல்லா பஸ்ஸையும் நீங்களா தாங்கப் போகிறீர்கள்? அந்தக் காகிதத்தில் எது எழுதியிருந்தாலும் சரி, போட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பொய்யில் பாதி எனக்கு.

உங்களுடைய,
நான்

*

மே 31

வாண்டு அம்மாவுக்கு,

உன் பதில் வரும்வரை காத்திருக்க முடியவில்லை. விசாரணையை முன்னால் இழுத்து நேற்றே வைத்துவிட்டார்கள். நடந்ததைச் சொல்கிறேன், திட்டுவதானால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

போட்டுவிடலாம் என்றுதான் போனேன். சத்தியமாக. நீயும் அதைத்தான் சொல்வாயா, வேறு சொல்வாயா என்று தெரியவில்லை. ஆனால் வீடு, வீடு என்றுதான் மனசு அடித்துக்கொண்டிருந்தது.

காலையில் கேட் பக்கத்தில் பஸ் கழுவிக்கொண்டிருந்தேன். பூஜ்யம் அண்ணன் ஊத வந்தார். கண் சிவந்திருந்தது, நடை பஞ்சில் நடப்பது மாதிரி. ஊதினார். பூஜ்யம். "பாத்தியா மாப்ளே, இன்னும் பொறக்கல!" சாவியை விரலில் சுற்றிக்கொண்டே என் பஸ்ஸில் ஏறினார். ஒரு மணி நேரம் கழித்து ஆட்களோடு உள்ளே வந்தார். அந்த அம்மா இறங்கி என்னைத் தேடி வந்தார். "தம்பி, நீங்க ஏன் ஓட்டல? இவரும் வழி மாத்துறாரே" என்றார்.

ஆபீசர் அறைக்குப் போனேன். காகிதத்தை நீட்டினார். 'முழு நினைவோடு' என்ற இடத்தில் விரலை வைத்து, "இது பொய் சார்" என்றேன். பதினொரு கிலோமீட்டரைச் சொன்னேன். பாதி-பாதியைச் சொன்னேன். மெஷின் ஏன் பூஜ்யம் காட்டுகிறது என்று உன் மேடம் சொன்னதைச் சொன்னேன். நான்கரை மணி நேரத்தை ஓய்வு என்று எழுதியவனை ஒரு வாரம் அதில் தூங்கச் சொல்லுங்கள், அப்புறம் அவனை ஊதச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "உனக்கு ஒரு வழி பண்ணிக் கொடுத்தேனேய்யா. எதுக்கு இப்ப இதெல்லாம்?" என்றார். பத்து நிமிடத்தில் என் வேலை முடிந்தது. மற்ற டிரைவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கே டப்பா கொடுத்து, முடிவையும் ராத்திரிக்குள் வரவழைத்தார்கள். ஐந்து பேர் சாவியை இழந்தார்கள், பூஜ்யம் அண்ணன் உட்பட. நான்கரை மணி நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டேன் என்பதையே அவர் எழுதவில்லை.

அறையில் என் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். பூஜ்யம் அண்ணன் அடிக்கவில்லை. "எனக்கு ரெண்டு பொண்ணுடா" என்று மட்டும் சொன்னார். அடித்திருக்கலாம்.

டிப்போ பின்னால் ஒரு ஷெட்டில் இருக்கிறேன். பாக்கிக் காகிதங்களெல்லாம் முடிய இரண்டு வாரம் ஆகும். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய். வாண்டுவிடம் வீட்டைப் பற்றி நீ எப்படிச் சொல்வாய் என்றுதான் தெரியவில்லை.

வாண்டு அப்பா

*

ஜூன் 8

வாண்டு அப்பாவுக்கு,

படித்தேன். முழுதும் படித்துவிட்டுத்தான் திட்டுகிறேன்.

நீங்கள் நல்லவர் ஆவதற்கு என் வீடுதான் கிடைத்ததா? எட்டு வருடமாக ஆகாத நல்லவர், வீடு கைக்கு வரும்வரை பொறுத்து ஆகியிருக்கக் கூடாதா?

இதை நான் மூன்று நாள் சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாண்டு பயந்துவிட்டாள். அவளிடம் வீடு இல்லை என்று சொல்லிவிட்டேன். "அப்பா?" என்று கேட்டாள். அப்பா வருவார் என்றேன். "அப்ப சரி" என்று விளையாடப் போய்விட்டாள். எனக்குத்தான் அப்படிப் போகத் தெரியவில்லை.

மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன், தூரத்துச் சொந்தம் யார் என்றும் சொன்னேன். கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்கு முன்னாடியே தெரியும்மா. ஆனா அவர் சொல்லுவார்னு தெரியாது" என்றார். எனக்கும் தெரியாது.

ஒரு விஷயம். மே 30 தேதி போட்டு உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்கள் பெயருக்கு வந்து அறையில் யார் கையிலாவது கிடக்கும். கைக்கு வந்தால் பிரிக்காதீர்கள். அதை எழுதியவள் நீங்கள் நினைக்கிற ஆள் இல்லை. அப்படியே கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உடம்பு எப்படி இருக்கிறது? தூக்கம் வருகிறதா? ஷெட்டில் கொசு இருக்கும்.

காகிதம் முடிந்ததும் கிளம்புங்கள்.

வாண்டு அம்மா

*

ஜூன் 14

என்னவளுக்கு,

சுகமாக இருக்கிறேன். நேற்று ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். எதுவும் தொடாமல்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டிரைவராக இல்லை.

உன் மே 30 கடிதத்தைப் பூஜ்யம் அண்ணன் கொண்டு வந்து கொடுத்தார். உறையை என் மடியில் போட்டுவிட்டுப் போனார். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் 'பிரிக்காதே' என்ற உன் கடிதம் வந்தது. அதற்குள் பிரித்துவிட்டேன். நான்கு தடவை படித்தும் விட்டேன்.

நீ நினைப்பது எனக்குத் தெரியும். வெட்கப்படுகிறாய். அந்தக் கடிதம் விசாரணைக்கு முன்னால் கைக்கு வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன், அதிலும் சந்தேகம் இல்லை. வராததும் நல்லதுதான். ஆனால் கிழிக்க மாட்டேன். நீ எவ்வளவு திட்டினாலும் சரி. என்னை இவ்வளவு வேண்டும் என்று யாரும் எங்கேயும் எழுதியதில்லை.

இடப்பக்கம்.

உன்